சோப்பு டப்பா மவுஸ்

பாத்து உக்காருங்கம்மா, இடிச்சிரப் போகுது. கேடயம். இன்னைக்குத்தான் வாங்கினேன். மேல வைக்கலாம்னா கண்டக்டர் தம்பி, "விழுந்தா நான் பொறுப்பில்ல டீச்சர்"ங்கான். இந்தக் காலத்துல யாரும் எதுக்கும் பொறுப்பில்லம்மா. அதான் மடியிலேயே வச்சிருக்கேன். உங்க முழங்கால்ல முனை குத்துதா? இருங்க, திருப்பிக்கிடுதேன்.

வாசிச்சுப் பாருங்க. 'கணினி ஆய்வகப் பராமரிப்பில் முதலிடம்.' மாவட்டத்துலயே முதலிடம். எந்த ஸ்கூலுன்னு கேக்காதீங்க, தென்காசிப் பக்கம்னு வச்சுக்கிடுங்க. எட்டாப்பு வரைக்கும் உள்ள கவர்மெண்ட் நடுநிலைப் பள்ளி. நான் அங்க ஹெட்மிஸ்ட்ரஸ். பேரு தமயந்தி. பிள்ளைகளுக்கு நான் பெரிய டீச்சர்.

இதை வாங்கிட்டு நான் சந்தோஷமா இருக்கணும்லா? இல்லயே. காலையில ஒரு பிள்ளை ஒரு வார்த்தை சொல்லி, எல்லாத்தையும் கெடுத்துட்டா. நீங்க எங்க இறங்கணும்? ஓ, கடைசி வரைக்குமா. அப்ப சொல்லுதேன், கேளுங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு. புதுசு. லாரியில வந்து இறங்குச்சு. கூடவே பெரிய திரை ஒண்ணு, விரலால எழுதினா எழுதுமாம். இனிமே பாடமெல்லாம் இதுலதான்னு உத்தரவு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஏன்னா பக்கத்து ஒன்றியத்துல ஒரு ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகுத நேரத்துல, ஒரு மானிட்டர் உடைஞ்சு கிடந்துச்சுன்னு அவரு பென்ஷனையே நிறுத்தி வச்சுட்டாங்க. பிள்ளைக படிக்கலன்னா ஒரு மெமோவோட போயிரும்மா. பொருளு உடைஞ்சா அப்படியா?

அதனால நான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாத்தேன். மானிட்டர் மேல ஒட்டிட்டு வந்த பிளாஸ்டிக் தாளு இருக்குல்லா, அதை இன்னைக்கு வரைக்கும் உரிக்கல. எல்லாத்துக்கும் பூப்போட்ட துணியில உறை தைச்சேன். பெரிய திரைக்கு எங்க வீட்டு டபுள் பெட்ஷீட்டு. வெள்ளிக்கிழமை தவறாம சந்தனம், குங்குமம். வாசல்ல செருப்பைக் கழட்டணும், கையைக் கழுவணும். சாவி என் தாலிச் செயின்லதான் கிடக்கும். மத்த ஸ்கூல்ல போய்ப் பாருங்க, பட்டன் பேந்து கிடக்கும், வயரை எலி கடிச்சிருக்கும். எங்க ஸ்கூல்ல ஒரு தூசி காட்டச் சொல்லுங்க பாப்போம்.

பிள்ளைகளை உள்ளயே விடமாட்டேன்னு நினைச்சுராதீங்க. அப்படியொண்ணும் நான் கல்நெஞ்சுக்காரி இல்ல. வெள்ளிக்கிழமை எட்டாப்புப் பிள்ளைகளை வரிசையா உள்ள விடுவேன். கையைக் கட்டிக்கிட்டு, இடமிருந்து வலமா ஒரு சுத்து சுத்தி, அந்தப் பக்க வாசல் வழியா வந்துரணும். சில பிள்ளை வெளிய வந்ததும் கன்னத்துல போட்டுக்கிடும். நான் அதைத் தடுக்கல. மரியாதை நல்லதுதானே?

என்ன சிரிக்கீங்க? கேளுங்க.

பிறகு போட்டோன்னு ஒண்ணு கேட்டாங்க. ஆய்வகத்தைப் பயன்படுத்துதோம்னு தினமும் போட்டோ எடுத்து ஏத்தணுமாம். எங்க ஸ்கூல்ல ஜெபக்கனின்னு ஒரு டீச்சர் உண்டு. சின்ன வயசு, சாயர்புரத்துக்காரி, கம்ப்யூட்டர் எல்லாம் நல்லாத் தெரியும். அவதான் போட்டோ எடுப்பா. நாலு பிள்ளையை உக்கார வச்சு, உறையை எடுத்து, கையைப் பட்டனுக்கு மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லுவேன். விரலுக்கும் பட்டனுக்கும் நடுவுல காத்து போய்ட்டு வரணும். முகத்துல சிரிப்பு இருக்கணும். ஒரு கிளிக்கு, முடிஞ்சுது, உறையை மாட்டு. ஒரே பிள்ளைகளா இருந்தா சந்தேகப்படுவாங்கன்னு ஆளை மாத்துவேன். அதுலயும் நான் பாரபட்சம் பாத்ததில்ல, எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்புக் குடுத்திருக்கேன்.

அப்ப பாடம் எப்படின்னு கேப்பீங்க. அங்கதாம்மா இருக்கு என் மூளை. பயிற்சிக்கு நிஜக் கம்ப்யூட்டர் எதுக்கு? பிள்ளைகளை வீட்ல இருந்து காலி சோப்பு டப்பா கொண்டு வரச் சொன்னேன். அதுல மார்க்கர் பேனாவால நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் இடது, அந்தப் பக்கம் வலது. பின்னால ஒரு சணல் கயிறு. மவுஸ் ரெடி! பழைய காலண்டர் அட்டையில கட்டம் போட்டு எழுத்தை எழுதினா கீபோர்டு ரெடி! காலையில பிரேயர் முடிஞ்சதும் மரத்தடியில எல்லாரும் உக்காந்து, "இடது ஒண்ணு, வலது ஒண்ணு, இடது ரெண்டு"ன்னு சொல்லிக்கிட்டே டப்பாவை அமுக்கணும். பிறகு அட்டையைப் பாக்காம, "கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய்"னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கணும். ரோட்டுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்கம்மா.

இதை ஒரு கூட்டத்துல சொன்னேன். எழுந்து நின்னு கை தட்டினாங்க. 'குறைந்த செலவில் நவீனக் கல்வி'ன்னு எனக்கு ஒரு சால்வை. எங்க வீட்டுக்காரருக்கு என்ன பொறாமைங்கீங்க! "உன் சோப்பு டப்பாவுக்குச் சால்வையா?"ன்னாரு. ஆமா, சால்வைதான்னேன்.

அந்த சோப்பு டப்பாவுல எல்லாரையும் விட கெட்டிக்காரி முப்பிடாதி. எட்டாப்பு. நல்ல கருப்பு, பெரிய கண்ணு, ரெட்டைச் சடை. கணக்குன்னா நாம வாயைத் திறக்குததுக்கு முன்ன விடை வரும். கண்ணைக் கட்டிவிட்டாக்கூட கீபோர்டுல எந்த எழுத்து எங்க இருக்குன்னு சொல்லிருவா. அப்பன் கேரளாவுக்குத் தேங்காய் உரிக்கப் போனவன், திரும்பி வரல. அம்மாக்காரி மூக்கம்மா பீடி சுத்துதா. கீழ ரெண்டு தம்பி. எட்டாப்பு முடிஞ்சதும் இவளையும் பீடித்தட்டு முன்னால உக்கார வச்சிரலாம்னு மூக்கம்மா நினைப்பு. ஒம்பதாப்புக்கு பஸ் ஏறி டவுனுக்குப் போகணும். வயசுக்கு வந்த பிள்ளையை அனுப்பமாட்டேன்னு ஒரே பிடி.

அந்த நேரத்துலதான் ஒரு கவர்மெண்டு பரீட்சை வந்துச்சு. தேர்வானா பன்னெண்டாப்பு வரைக்கும் தங்கிப் படிக்கலாம். சாப்பாடு, துணி, புஸ்தகம் எல்லாம் கவர்மெண்டு. எட்டாப்புல ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். நான் மூக்கம்மா வீட்டுக்கே போனேன். பீடி இலை நாத்தத்துல தும்மிக்கிட்டே ஒரு மணி நேரம் பேசினேன். "பிள்ளை பாஸானா அனுப்புதேன் டீச்சர். ஆகலன்னா இதோட விட்ருங்க"ன்னா. நான் அவ கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன், ஆவான்னு. எனக்கு ரெண்டும் பையனுகம்மா. பொண்ணு கிடையாது. முப்பிடாதிக்கு ரிப்பன் வாங்கிக் குடுத்தது நான், பேன் சீப்பு வாங்கிக் குடுத்தது நான். நாளைக்கு யாராவது என்னை ஈவு இரக்கம் இல்லாதவள்னு சொன்னா நீங்க சாட்சி.

பிறகுதான் தெரிஞ்சுது, இந்த வருஷம் அந்தப் பரீட்சை கம்ப்யூட்டர்லயாம்.

ஜெபக்கனி ஓடி வந்தா. "டீச்சர், முப்பிடாதியை ஒரு அரை மணி நேரம் நிஜக் கம்ப்யூட்டர்ல உக்கார வைப்போம்"ங்கா. அடுத்த வாரம் பராமரிப்பைப் பார்வையிட ஆபீசர் வாராரு! அந்த நேரத்துல உறையை எடு, சுவிட்சைப் போடுன்னா? நான் முடியாதுன்னேன். "அவளுக்குத்தான் எல்லாம் தலைகீழ் பாடமாச்சே, பிறகென்ன?"ன்னேன். "டப்பா வேற, அது வேற டீச்சர்"ங்கா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என் சால்வையைப் பாத்துச் சொல்லுத மாதிரி இருந்துச்சு எனக்கு.

அவ சும்மா இருந்தாளா? நான் மீட்டிங் போன ஒரு நாள், ஜன்னல் கம்பி வழியா கையை விட்டு, அந்தப் பக்க வாசலோட உள் தாழ்ப்பாளைத் திறந்திருக்கா. நான் பாதியில திரும்பி வந்துட்டேன். பாத்தா உள்ள ஃபேன் ஓடுது, லைட்டு எரியுது, முப்பிடாதி நாற்காலியில ஏறி உக்காரப் போறா. நல்ல நேரத்துக்கு வந்தேன். தொடல. இன்னும் தொடல. "இறங்குட்டி!"ன்னு ஒரு சத்தம் போட்டேன், பிள்ளை பதறிப் போய் வெளிய ஓடிட்டா. ஜெபக்கனியை எல்லார் முன்னாலயும் கேட்டுவிட்டேன். "ஒண்ணு போச்சுன்னா உங்க அப்பாவா வந்து பதில் சொல்லுவாரு?"ன்னு. அழுதா. அழட்டும். அன்னையில இருந்து ஜன்னலுக்குத் தகரம் அடிச்சுட்டேன்.

ஆபீசர் வந்தாரு. விரலால மேசையைத் தடவினாரு, விரலைப் பாத்தாரு. சுத்தம். மானிட்டரைத் தட்டினாரு, பிளாஸ்டிக் தாளு சரசரன்னுச்சு. "அம்மா, கடையில இருந்து இப்பதான் இறக்குன மாதிரி வச்சிருக்கீங்களே"ன்னாரு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "பிள்ளைக இதைத் தொடுதாங்களா?"ன்னு. "எங்க பிள்ளைக அப்படிப்பட்ட பிள்ளைக இல்ல சார்"னேன். எழுதிக்கிட்டாரு.

ஒரு நிமிஷம்மா, இந்த வளைவுல கேடயத்தைப் பிடிச்சுக்கிடணும். ஆங், இப்ப சரி.

பரீட்சைக்கு நானே கூட்டிட்டுப் போனேன். டவுன்ல ஒரு காலேஜு. முப்பிடாதி தலையில எண்ணெய் வச்சுப் படியச் சீவி, புது ரிப்பன் கட்டி, பஸ்ஸுல வழி முழுக்க, "இடது ஒண்ணு, வலது ஒண்ணு"ன்னு முணுமுணுத்துட்டே வந்தா. மூக்கம்மா அன்னைக்குப் பீடி சுத்தப் போகல. கூடவே வந்து காலேஜு கேட்டுல உக்காந்திருந்தா. நான் பிள்ளை நெத்தியில திருநீறு பூசி உள்ள அனுப்பினேன். நம்பிக்கைன்னா அப்படி நம்பிக்கைம்மா எனக்கு.

உள்ள நடந்ததை அங்க சூப்பர்வைசரா இருந்த ஒரு அம்மா பிறகு என்கிட்ட சொன்னாங்க. எல்லாப் பிள்ளையும் ஆரம்பிச்சிருக்கு. முப்பிடாதி மவுஸை நேரா வச்சிருக்கா, அதையே உத்துப் பாத்திருக்கா, இடது ஒண்ணு அமுக்கியிருக்கா. வலது ஒண்ணு. இடது ரெண்டு. நான் சொல்லிக் குடுத்த மாதிரி, ஒரு பிசகு கிடையாது. நிமிந்து பாத்தா திரையில ஒண்ணும் நடக்கல. மறுபடி முதல்ல இருந்து அமுக்கியிருக்கா. கேள்வி அங்கன நிக்குது, விடை நாலும் அங்கன நிக்குது, இவளுக்கு விடை தெரியுது, அதை எப்படித் தொடணும்னு தெரியல. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, மவுஸைக் கையில தூக்கி, திரை மேல சரியான விடைக்கு நேரா வச்சு அமுக்கியிருக்கா.

பக்கத்துப் பிள்ளைக சிரிச்சிருக்குக.

அதோட பயந்துட்டா. கையைத் தூக்கி யாரையும் கூப்பிடவும் இல்ல. எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் அறையில பேசக் கூடாதுன்னு வச்சிருக்கோம்லா, அந்த ஒழுக்கம் அங்கயும் இருந்திருக்கு பாருங்க. திரையைப் பாத்துக் கேள்வியை வாசிக்கிறது, விடையை வாய்விட்டு மெதுவாச் சொல்லுறது. அந்த ஒரு கேள்வியையே சொல்லிச் சொல்லி, இடதை அமுக்கிக்கிட்டு இருந்திருக்கா. சூப்பர்வைசர் அம்மா சத்தம் கேட்டு, "பேசாம எழுது"ன்னு அதட்டியிருக்காங்க. பிறகு எதுக்கோ கிட்ட வந்தப்பதான் விஷயம் புரிஞ்சு, கையைப் பிடிச்சு மவுஸை மேசை மேல நகட்டிக் காட்டியிருக்காங்க. அதுக்குள்ள நேரம் முக்காவாசி போயாச்சு. "கண்ணுல தண்ணி நிறைஞ்சு அந்தப் பிள்ளைக்குத் திரையே தெரியலங்க"ன்னாங்க. "அவ்வளவு தெரிஞ்ச பிள்ளையை இப்படி அனுப்பியிருக்கீங்களே"ன்னு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாங்க. எனக்குப் பிடிக்கல அந்தப் பார்வை. தனியார் காலேஜு ஆளுக, அவங்களுக்கு நம்ம கஷ்டம் என்ன தெரியும்?

நான் என்ன நினைக்கேன்னா, அது கைநடுக்கம்மா. புது இடம், ஏசி ரூம்பு. குளுந்திருக்கும் பிள்ளைக்கு. இல்லன்னா ஜெபக்கனி, "டப்பா வேற, அது வேற"ன்னு அவ காதுல போட்டு வச்சாளே, அந்தப் பயமா இருக்கும். என் டப்பாவுல என்ன குறை? இடது இடதுதானே, வலது வலதுதானே?

ரிசல்ட் வந்துச்சு. பேரு இல்ல. மூக்கம்மா ஸ்கூலுக்கு வந்தா. சண்டைக்கு வருவான்னு நினைச்சு, வாட்ச்மேனைப் பக்கத்துல நிக்கச் சொன்னேன். அவ சண்டையே போடல. "சத்தியம் பண்ணுனீங்களே டீச்சர்"னா. அவ்வளவுதான். முந்தானையால மூக்கைத் துடைச்சுட்டுப் போயிட்டா. திட்டியிருந்தாக்கூட நான் பதிலுக்கு ரெண்டு திட்டிட்டு மறந்திருப்பேன். அன்னைக்குச் சோறு எறங்கலம்மா எனக்கு, நிஜமாச் சொல்லுதேன். எங்க வீட்டுக்காரர் என்னன்னு கேட்டாரு. அசிடிட்டின்னேன்.

பிறகு மே மாசமெல்லாம் போயிருச்சு. நானும் மறந்துட்டேன்னு வச்சுக்கிடுங்க. இந்த விழாவுக்குக் கடுதாசி வந்துச்சு. பட்டுச் சேலை கட்டி, பூ வச்சு, இன்னைக்குக் காலையில ஸ்கூல்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்னு போனேன். கேட்டுல நிக்கா முப்பிடாதி. மாத்துச் சான்றிதழ் வாங்க வந்தாளாம். ஒம்பதாப்புக்கா? இல்ல. பீடிக் கம்பெனியில பேரு பதிய வயசுக்கு ஆதாரம் கேட்டாங்களாம். வயசு ஆகுத வரைக்கும் அம்மா பேருலதான் சுத்துவாளாம். ஜூன் மாசத்துக்குள்ள விரல் நுனியெல்லாம் பழுப்பாயிருக்கு. ரிப்பன் இல்ல, ஒத்தச் சடை.

நான் பாசமாத்தாம்மா கேட்டேன், "நல்லாருக்கியாட்டி?"ன்னு. தலையை ஆட்டினா. "இன்னைக்குப் பெரிய டீச்சருக்கு பிரைஸ் குடுக்காங்க தெரியுமா, நம்ம கம்ப்யூட்டர் ரூமுக்கு"ன்னேன். சந்தோஷப்படுவான்னு நினைச்சேன். நம்ம ஸ்கூலு, நம்ம ரூமு. அவ என்னை நிமிந்து பாத்தா. எதிர்த்துப் பேசுத பிள்ளை கிடையாதும்மா அது, என்கிட்ட அது வரைக்கும் ஒரு கேள்வி கேட்டதில்ல. மெதுவாத்தான் கேட்டா.

"பெரிய டீச்சர், அது நகரும்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"எதுட்டி?"ன்னேன்.

"மவுஸு. அதை நகட்டினா உள்ள ஒரு அம்புக்குறி நகருது. அதை நகட்டித்தான் விடைகிட்டப் போகணுமாம். அமுக்குறதெல்லாம் பிறகுதானாம். நீங்க அமுக்க மட்டுந்தான் சொல்லித் தந்தீங்க."

"பெரியவங்ககிட்ட இப்படியாப் பேசுவாங்க? போ, ஆபீஸ்ல போய் வாங்கிக்கோ"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வந்துட்டேனே தவிர, மேடையில என் பேரைக் கூப்பிடுதாங்க, எனக்குக் கேக்கல. பக்கத்துல இருந்தவங்க இடிச்சுத்தான் எழுந்திரிச்சேன். கை தட்டுதாங்க, போட்டோ எடுக்காங்க, "சிரிங்க மேடம்"ங்காங்க. எனக்குச் சிரிப்பு வரல. நகரும்னு சொல்லவே இல்லையே, சொல்லவே இல்லையேன்னு அந்தப் பிள்ளை குரல்தான் காதுக்குள்ள.

நியாயமாம்மா இது? நீங்களே சொல்லுங்க. எங்களுக்கும் பயிற்சி குடுத்தாங்க. பெரிய ஹாலு, டீ, சமோசா, ஆளுக்கொரு பை. முன்னால ஒருத்தரு நின்னு திரையில படம் படமாப் போட்டுக் காட்டினாரு, இது மவுஸு, இது இடது, இது வலதுன்னு. நாங்களும் எழுதிக்கிட்டோம். கேக்கலாம்னா, முன் வரிசையில எல்லாரும் புரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கிட்டு இருக்காங்க, ஹெட்மிஸ்ட்ரஸ் நான் போய் என்னன்னு கேக்க? ஒருத்தர் கையிலயும் ஒண்ணும் குடுக்கலம்மா. அந்தப் பிள்ளை என்னைக் கேக்குதா, நீ ஏன் சொல்லலன்னு.

எனக்கு மட்டும் யாரும்மா சொன்னா, அது நகரும்னு?